முன்னதாக ஓய்வூதியம் பெறலாமா?

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் ஓய்வூதியக் கணக்கைப் பேசுவது பொருந்துமா என்று சிலர்க்குத் தோன்றலாம். வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டுச் சென்னையின் தொழிற்பேட்டைகளிலும் தனியார் நிறுவனங்களிலும் பணியாற்றி, ஐம்பது வயதைக் கடந்து நிற்போர் இந்த அவையில் பலர் உள்ளனர். அரசுப் பணியிலும் ஆசிரியப் பணியிலும் இருந்தோர்க்கு ஓய்வூதிய விதிகள் வேறு. தனியார் நிறுவன ஊழியர்க்கு உரியது 1995ஆம் ஆண்டு நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம். அத்திட்டத்தில், 58 வயது வரை காத்திராமல் 50 வயதிலிருந்தே குறைந்த ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு வழி உண்டு. அவ்வழியில் செல்லலாமா, வேண்டாமா என்பது பல வீடுகளில் இரவுநேரப் பேச்சாக இருக்கிறது. ஆகவே அது பொதுவில் பேசத்தக்க பொருளே.

முதலில் விதிகளைச் சுருக்கமாகக் காணலாம். ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் 12 விழுக்காடு முழுவதும் வருங்கால வைப்பு நிதிக்குச் செல்கிறது. நிறுவனம் செலுத்தும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. ஆக, ஒரே அலுவலகம் நடத்தினாலும் இவை இரண்டு பைகள். ஒன்று மொத்தமாக எடுக்கும் சேமிப்பு. மற்றொன்று மாதந்தோறும் வரும் வருவாய். இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் பலர்.

பத்தாண்டுத் தகுதிச் சேவை உடையவர்க்கே மாத ஓய்வூதியம் உண்டு. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்தது. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பொதுவாக 15,000 ரூபாயே இதற்கு உச்சவரம்பு. இவ்வரம்பு 2014 செப்டம்பர் 1 முதல் வந்தது. அதற்கு முந்தைய சேவைக்கு வரம்பு 6,500 ரூபாய். 20 ஆண்டுச் சேவை நிறைவுற்றவர்க்கு 2 ஆண்டுகள் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடப்படும்.

58 வயதுக்கு முன் பணியை விட்டு விலகியவர், 50 வயது நிறைந்திருந்தால், ஓய்வூதியத்தை முன்னதாகக் கேட்கலாம். 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு கழிக்கப்படும். முன்பு 3 விழுக்காடாக இருந்த கழிவு 2008இல் 4 ஆயிற்று. மாறாக, 58க்குப் பின் 60 வரை ஒத்திவைத்தால் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும். அரசு ஓய்வூதியத்தைப் போல இதற்கு அகவிலைப்படி உயர்வு இல்லை. மருத்துவ வசதியும் இதனோடு சேர்ந்து வருவதில்லை.

இனி ஒரு குடும்பத்தைக் கண்முன் நிறுத்திப் பார்க்கலாம்.

கணவர்க்கு வயது 53. அம்பத்தூரில் ஒரு தொழிற்கூடத்தில் 2001 செப்டம்பரில் சேர்ந்தார். 2025 ஆகஸ்டில் அவர் பணிபுரிந்த பிரிவு மூடப்பட்டது. சேவை 24 ஆண்டுகள். மனைவிக்கு வயது 48. மூத்த மகள் செவிலியர் கல்லூரியில் இறுதியாண்டு. இளையவன் பத்தாம் வகுப்பு. வாடகை வீடு. ஊரில் பங்கு பிரிக்காத சிறிது நிலம்.

மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். "மாமா, வருகிற காசை எதற்காக விட்டு வைக்கிறீர்கள்? நாளை நடப்பதை யார் கண்டார்கள்? இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 58 ஆனதும் முழுத் தொகையும் தானாக வந்துவிடும்" என்றார். அடுத்த தெருவில் குடியிருக்கும் கணவரின் பெரியப்பா மகன் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். "தம்பி, முன்னதாக எடுத்தால் பெரும் நட்டம். பட்டினி கிடந்தாலும் 58 வரை தொடாதே" என்றார். கணவர் இருவர்க்கும் தலையசைத்தார். மனைவி மட்டும் ஒன்று கேட்டார்: "உங்கள் காலத்துக்குப் பிறகு எனக்கு எவ்வளவு வரும்?"

அந்த அறையில் அதற்கு விடை சொல்ல ஒருவரும் இல்லை.

இக்குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2014க்கு முந்தைய 13 ஆண்டுகளுக்கு 6,500 ரூபாய் வரம்பில் சுமார் 1,207 ரூபாய். பிந்தைய 11 ஆண்டுகளுக்கு 15,000 ரூபாய் வரம்பில் சுமார் 2,357 ரூபாய். கூடுதலாகச் சேரும் 2 ஆண்டுகளையும் கணக்கில் கொண்டு, எளிமைக்காக மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். இது 58 வயதில் கிடைக்கும் தொகை. 53இலேயே எடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதை 3,200 ரூபாய் என்று கொள்ளலாம்.

தம்பி சொன்னதில் ஒரு பிழை உண்டு. குறைக்கப்பட்ட ஓய்வூதியம் 58 வயது வந்தவுடன் முழுத் தொகையாக உயர்வதில்லை. 3,200 என்றால் வாழ்நாள் முழுவதும் 3,200தான். இந்த ஒரு செய்தியை அறியாமல் கையெழுத்திட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கணவர் மறைந்தால், அவர் பெற்று வந்த ஓய்வூதியத்தில் பாதி மனைவிக்கு வரும். 4,000 பெற்றவரின் மனைவிக்கு 2,000. 3,200 பெற்றவரின் மனைவிக்கு 1,600. மனைவி கேட்ட கேள்விக்கு இதுவே விடை. கணவர் இன்று இடும் கையெழுத்து, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் இல்லாத வீட்டில் அடுப்பெரியும் அளவைத் தீர்மானிக்கிறது.

"நாளை நடப்பதை யார் கண்டார்கள்" என்ற அச்சத்துக்கும் விடை உண்டு. பத்தாண்டுத் தகுதிச் சேவை உடையவர் ஓய்வூதியம் கேட்காமல் காத்திருக்கும் காலத்தில் மறைந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. காத்திருந்ததனால் எல்லாம் பறிபோய்விடும் என்பது தவறான எண்ணம்.

அண்ணன் சொன்னதிலும் பிழை உண்டு. முன்னதாகப் பெறுவது எப்போதும் பெரும் நட்டம் என்பது உண்மையன்று. 53 முதல் 58 வரை மாதம் 3,200 வீதம் பெற்றால் மொத்தம் 1,92,000 ரூபாய். 58க்குப் பின் மாதம் 800 ரூபாய் குறைகிறது. அந்த 1,92,000 ரூபாயை 800ஆல் வகுத்தால் 240 மாதங்கள், அதாவது 20 ஆண்டுகள். கணவர் 78 வயதைத் தாண்டிய பிறகே, காத்திருந்தவரின் மொத்தத் தொகை முன்னதாகப் பெற்றவரின் மொத்தத்தை விஞ்சும்.

இன்னும் ஒரு படி செல்லலாம். அந்த 3,200 ரூபாயை ஒரு காசும் தொடாமல் ஐந்தாண்டுகள் தொடர் வைப்பில் போட்டு, ஆண்டுக்கு ஆறரை விழுக்காடு வட்டி கிடைப்பதாகக் கொண்டால், முடிவில் ஏறத்தாழ 2,26,000 ரூபாய் சேரும். அதே வட்டியில் அத்தொகையை வைத்திருந்தால் மாதம் சுமார் 1,200 ரூபாய் வட்டி வரும். இழந்த 800 ரூபாயைக் காட்டிலும் அது கூடுதல். முதலும் அப்படியே நிற்கும். காகிதத்தில் பார்த்தால் முன்னதாகப் பெற்றவரே வென்றவர்.

ஆனால், "ஒரு காசும் தொடாமல்" என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வேலை போன வீட்டில், மகளின் கல்லூரிக் கட்டணம் நிற்கும் வீட்டில், மாதம் 3,200 ரூபாய் தொடப்படாமல் இருக்குமா? வாடகையில் ஒரு பகுதி, ஒரு திருமண மொய், ஒரு கைப்பேசி என்று அது கரையும். கரைந்ததற்குக் கணக்கும் இராது. ஐந்தாண்டு கழித்து வைப்புத் தொகை இல்லை. ஓய்வூதியமும் 800 குறைவு. பிறகு அகவிலைப்படி இல்லாத அந்த 3,200 ரூபாயின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேயும். எனவே, அலுவலகம் கழிக்கும் 4 விழுக்காட்டைப் பற்றி மட்டும் வருந்திப் பயனில்லை. வரும் பணம் அந்த வீட்டில் எங்கே போய்ச் சேரும் என்பதைக் கணவனும் மனைவியும் தமக்குள் ஒளிவின்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அடுத்து வேலை பற்றிய கேள்வி. இக்கணவர்க்கு மீண்டும் வைப்பு நிதி பிடிக்கும் வேலை கிடைக்குமானால், கணக்கு அடியோடு மாறுகிறது. 15,000 ரூபாயோ அதற்கு மேலோ அடிப்படைச் சம்பளம் பெற்று மேலும் ஐந்தாண்டு பணிசெய்தால், 58இல் ஓய்வூதியம் ஏறத்தாழ 5,000 ரூபாயாக உயரும். முன்னதாக ஓய்வூதியம் பெறத் தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். பின்னர் வேலையில் சேர்ந்தாலும், நிறுவனத்தின் பங்கு முழுவதும் வைப்பு நிதிக்குச் செல்லுமே தவிர ஓய்வூதியச் சேவை கூடாது. ஆகவே, மறுபடியும் நல்ல வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவர் அவசரப்பட்டு விண்ணப்பிக்கலாகாது.

இங்கே மற்றொரு கண்ணியும் இருக்கிறது. நம்மவர்க்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. கணவர்க்கு ஒரு சிறு நிறுவனத்தில் வைப்பு நிதியுடன் வேலை கிடைக்கிறது. ஆனால் அடிப்படைச் சம்பளம் 9,000 ரூபாய்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தாண்டு உழைத்தால் ஓய்வூதியம் கூடும் என்றே எவரும் நினைப்பர். ஆனால் கடைசி 60 மாதச் சராசரியே கணக்குக்கு வருகிறது. அந்த 60 மாதமும் 9,000 ரூபாய் என்றால், 2014க்குப் பிந்தைய சேவை முழுவதும் 9,000 ரூபாயிலேயே கணக்கிடப்படும். மேலும் ஐந்தாண்டு உழைத்த பிறகு ஓய்வூதியம் ஏறத்தாழ 3,500 ரூபாயாக நிற்கும். உழைக்காமல் காத்திருந்தால் வந்திருக்கும் 4,000 ரூபாயைவிட அது குறைவு. வைப்பு நிதிச் சேமிப்பு கூடும் என்பது உண்மை. வேலை வேலைதான் என்பதும் உண்மை. எனினும், குறைந்த சம்பளத்தில் சேருமுன் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வது நலம்.

இவற்றையெல்லாம் கேட்டபின் அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்?

வைப்பு நிதி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்தே சென்று கேட்டதாகக் கொள்ளலாம். அவர் இவ்வாறு கூறுவார்: "அம்மா, இதில் ஒன்றை மனத்தில் வையுங்கள். விண்ணப்பித்து ஓய்வூதியம் தொடங்கிவிட்டால் பின்வாங்க இயலாது. விண்ணப்பிக்காமல் இருந்தால், அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். அதற்கடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கலாம். 50க்கும் 58க்கும் இடையில் எந்த ஆண்டும் திறந்திருக்கும் கதவு இது. ஓராண்டு பொறுத்தால் கழிவில் 4 விழுக்காடு குறைகிறது. ஆகவே, 58 வரை என்று சபதமும் வேண்டாம். இன்றே என்று அவசரமும் வேண்டாம். இந்த ஆண்டு தேவையா என்று மட்டும் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேளுங்கள்."

இவ்வுரையின் சாரமும் இதுவே.

அதன்படி அக்குடும்பத்தார் தம் நிலையை எழுதிப் பார்த்தனர். மகளின் இறுதியாண்டுக் கட்டணம் ஒருமுறைச் செலவு. அதற்கு மாத ஓய்வூதியம் ஏற்ற வழியன்று. பிள்ளைகளின் கல்விக்காக வைப்பு நிதியில் ஒரு பகுதியை எடுக்க விதி இடம் தருகிறது. அதிலிருந்து கட்டணத்தைச் செலுத்தலாம். வீட்டுச் செலவு மாதந்தோறும் வருவது. அதற்கு ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாதம் 14,000 ரூபாய். வைப்பு நிதி பிடித்தம் இல்லை. அதனால் ஓய்வூதியச் சராசரிக்குக் குறைவும் இல்லை. மனைவி தையல் வேலையில் சிறிது ஈட்டுகிறார். இவ்வளவும் சேர்ந்தால் இந்த ஆண்டு நடக்கும். ஆகவே இந்த ஆண்டு ஓய்வூதியம் வேண்டாம் என்று முடிவாயிற்று. 10-சி படிவத்தின் மூலம் திட்டச் சான்றிதழைப் பெற்று வைத்துக்கொண்டனர். இதுவரை செய்த சேவைக்கு அச்சான்றிதழே ஆவணம். பின்னர் எப்போது கேட்டாலும், வேறு நிறுவனத்தில் சேர்ந்தாலும் அது துணைநிற்கும்.

நாளை நிலைமை மாறலாம். 55 வயதில் முழங்கால் வலியால் கடைக்குச் செல்ல இயலாமற் போகிறது என்று கொள்ளலாம். வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வருகிறது. அப்போது என்ன செய்வது? அன்று தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாண்டு முன்னதாக எடுப்பதால் 4,000 ரூபாய் ஏறத்தாழ 3,500 ரூபாயாகக் குறையும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கு 4 விழுக்காட்டைக் காப்பாற்றுகிறேன் என்று ஒருவர் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. தேவை உண்மையானால் முன்னதாகப் பெறுவதில் தோல்வியும் இல்லை, வெட்கமும் இல்லை. அந்தத் தேவைக்காகத்தான் திட்டத்தில் அவ்வழி வைக்கப்பட்டிருக்கிறது.

இனி, ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லலாம். சேவை எத்தனை ஆண்டு? பழைய நிறுவனத்துச் சேவையும் புதிய நிறுவனத்துச் சேவையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளனவா? பதினெட்டு ஆண்டுகளில் நிற்பவர், இன்னும் இரண்டாண்டு சேர்ந்தால் கூடுதல் இரண்டாண்டின் பயனும் கிடைக்கும் என்பதை அறிந்திருக்கிறாரா? மீண்டும் வேலை கிடைக்குமா? கிடைத்தால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? வேலை போனதும் தொழிலாளர் அரசு காப்பீட்டு மருத்துவமும் நின்றுபோகுமானால், அதற்கு மாற்று என்ன? வரும் ஓய்வூதியம் சேமிப்புக்கா, செலவுக்கா? செலவுக்கு எனின், எந்தச் செலவுக்கு? இறுதியாக, மனைவியின் பெயரில் வேறு வருவாய் உண்டா?

இறுதிக் கேள்வியே முதற்கேள்வியாக வைக்கத்தக்கது. நம் குடும்பங்களில் கணவனைவிட மனைவி சில ஆண்டுகள் இளையவராக இருப்பதே வழக்கம். கணவர்க்குப் பின் பல ஆண்டுகள் தனித்து வாழும் தாய்மார்கள் எல்லாத் தெருவிலும் உள்ளனர். அவர்களுள் பலர்க்கு, தம் கணவரின் ஓய்வூதியம் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பது தெரியாது. வங்கியில் வரும் தொகையைக் கண்ட பிறகே தெரிந்துகொண்டனர். அப்போது அதை மாற்ற ஒருவராலும் இயலவில்லை. ஆசிரியையாகவோ அரசு ஊழியராகவோ இருக்கும் மனைவிக்குத் தனி வருவாய் இருக்கும். அங்கே கணவர் முன்னதாகப் பெறுவதால் பெரிய கேடில்லை. வீட்டு வேலை தவிர வேறு வருவாய் இல்லாத மனைவிக்கு, அந்தப் பாதித் தொகை ஒன்றே மாதந்தோறும் தம் பெயரில் வரும் பணமாக இருக்கக்கூடும். 1,600 ரூபாய்க்கும் 2,000 ரூபாய்க்கும் இடையிலுள்ள 400 ரூபாய் இன்று சிறிதாகத் தோன்றலாம். மருந்துக் கடையில் நிற்கும் எழுபது வயது மூதாட்டிக்கு அது சிறிதன்று.

ஓய்வூதியம் கேட்கும் 10-டி படிவத்தை எடுத்துப் பார்த்தால், அதில் உறுப்பினரின் விவரம் மட்டும் கேட்கப்படுவதில்லை. குடும்பத்தாரின் பெயர், பிறந்த நாள், உறவுமுறை ஆகியவையும் கேட்கப்படுகின்றன. பல வீடுகளில் அந்தக் கட்டங்களைக் கணவரே நிரப்பி, கணவரே கையெழுத்திட்டு, கணவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார். மனைவியின் பெயர் படிவத்தில் இருக்கிறது. மனைவிக்குச் செய்தி இல்லை. அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதில் இருவரும் ஒரு தாளையும் எழுதுகோலையும் வைத்துக்கொண்டு அமர்ந்தால் போதும். படித்த பிள்ளைகள் அருகிலிருந்து கணக்கைப் போட்டுக் கொடுக்கலாம். கணக்குத் தெரிந்த இளைஞர்கள் தம் தெருவில் உள்ள பெரியோர்க்கும் இந்த உதவியைச் செய்யலாம். சேவை விவரங்களை இணையத்தில் எடுத்துத் தந்து, பெயரிலும் பிறந்த தேதியிலும் உள்ள பிழைகளை இப்போதே திருத்திக் கொடுக்கலாம். வேலை செய்த நிறுவனம் மூடப்பட்ட பின் அத்திருத்தம் கடினமாகும்.

பெரியோர்களே, தாய்மார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி கேட்ட கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்கட்டும். கணவர் அதற்குரிய விடையை ரூபாய்க் கணக்கில் சொல்லட்டும். அதன்பின் அவர்கள் இந்த ஆண்டே எடுத்தாலும் சரி, அடுத்த ஆண்டு எடுத்தாலும் சரி, 58 வரை பொறுத்தாலும் சரி, அது இருவரும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.